இன்றைக்கு வெளிச்சம் எத்தனை அடி?

என் அப்பாவுக்குத் தினமும் காலையில் மேட்டூர் அணையின் நீர்மட்டம் தெரிந்தாக வேண்டும். எங்கள் ஊர் நீடாமங்கலம் பக்கம். பேப்பர் வந்ததும் முதலில் அந்தக் கட்டத்தைத்தான் தேடுவார். எத்தனை அடி, வரத்து எவ்வளவு, திறப்பு எவ்வளவு என்று மூன்றையும் ஒரு பழைய டைரியில் எழுதிவைப்பார். 120 அடி நிரம்பிவிட்டது என்று செய்தி வந்தால் அன்றைக்கு வீடே கலகலப்பாக இருக்கும். பாசனத்துக்கு அணையைத் திறக்கும் ஜூன் 12 நெருங்கும்போது 90 அடிக்குக் கீழே இருந்தால் அவரிடம் யாரும் பேச்சுக் கொடுக்க மாட்டோம்.

நான் 2014 அக்டோபரில் வேலைக்காகப் பின்லாந்து வந்தேன். தம்பெரே என்ற நகரம். வடக்கே ஒரு பெரிய ஏரி, தெற்கே ஒரு பெரிய ஏரி. மேல் ஏரியிலிருந்து கீழ் ஏரிக்கு 18 மீட்டர் இறங்கி ஊருக்கு நடுவே ஓடுகிறது ஓர் ஆறு. தண்ணீருக்குப் பஞ்சமே இல்லாத ஊர். அந்த நவம்பர் கடைசியில் ஒருநாள் போனில் அப்பா, "அங்க எத்தனை மணிக்கும்மா விடியுது?" என்று கேட்டார். ஒன்பது ஆகப் போகும்போது என்றேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. "எப்ப அடையுது?" மூன்றரைக்கு முன்னாலேயே என்றேன். மறுநாள் மறுபடி கேட்டார். அதற்கு மறுநாளும் கேட்டார். ஒரு வாரம் கழித்து அம்மா சொல்லித்தான் தெரிந்தது, மேட்டூருக்குப் பக்கத்தில் தம்பெரே என்று ஒரு கட்டம் போட்டு எழுதிக்கொண்டு வருகிறாராம்.

அவர் கேட்கக் கேட்கத்தான் எனக்கே விஷயம் பிடிபட்டது. காவிரிப் பாசனத்துக்காரர் தண்ணீரைக் கணக்குப் பார்க்கிற மாதிரி இந்த ஊர்க்காரர்கள் வெளிச்சத்தைக் கணக்குப் பார்க்கிறார்கள். ஊரிலிருந்து பேசுகிறவர்கள் எல்லோரும் குளிரைப் பற்றித்தான் கேட்பார்கள். குளிருக்கு உடுப்பு இருக்கிறது. ஜன்னலில் மூன்றடுக்குக் கண்ணாடி இருக்கிறது. நகரத்தின் கொதிகலன் நிலையத்திலிருந்து மண்ணுக்கடியில் குழாய்வழியே வெந்நீர் வந்து வீடுகளை 21 டிகிரியில் வைத்திருக்கிறது. வெளிச்சத்துக்கு அப்படிக் குழாய் எதுவும் கிடையாது. அது வருகிறபோது பிடித்துக்கொண்டால் உண்டு.

எங்கள் ஊரில் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் வித்தியாசம் ஏறக்குறைய ஒன்றேகால் மணி நேரம். யாரும் கவனிப்பதுகூட இல்லை. தம்பெரேயில் டிசம்பர் 21 வாக்கில் பகல் ஐந்தரை மணி நேரம்கூட இருக்காது. ஜூன் கடைசியில் பத்தொன்பதரை மணி நேரம் இருக்கும். ஒரே ஊர், ஒரே ஜன்னல், நடுவில் பதினாலு மணி நேர வித்தியாசம்.

இங்கே வருடம் ஜனவரியில் தொடங்குவதாக எனக்குத் தோன்றவில்லை. அக்டோபர் கடைசி ஞாயிறன்று கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்குத் தள்ளுகிறார்களே, அன்றைக்குத்தான் தொடங்குகிறது. சனிக்கிழமை மாலை ஐந்துக்கு இருந்த வெளிச்சம் ஞாயிறு ஐந்துக்கு இல்லை. அடுத்து வருவது நவம்பர், பின்னிஷ் மொழியில் மர்ராஸ்கூ. மர்ராஸ் என்பது சாவைக் குறிக்கும் பழைய சொல். அக்டோபருக்குப் பெயர் லோகாகூ, சேற்று மாதம். பெயர் வைத்தவர்கள் எதையும் மறைக்கவில்லை. மரங்களில் இலை இல்லை, பனி இன்னும் விழவில்லை, மண்ணும் தாரும் வானமும் ஒரே ஈரக் கறுப்பு. வானத்திலிருந்து விழுவது மழையா பனியா என்று சொல்ல முடியாது, இரண்டும் கலந்த ஒரு கூழ்.

முதல் நவம்பரில் நான் தளர்ந்துதான் போனேன். தூக்கம் போதவில்லை, தூங்கினாலும் தீரவில்லை. சனிக்கிழமை மத்தியானம் இரண்டு மணிக்கு எழுந்து பார்த்தால் சாயங்காலம் ஆகிக்கொண்டிருக்கும். அழுகை வந்தது, எதற்கென்று தெரியவில்லை. அலுவலகத்தில் ஒரு மூத்த சகா, கேட்காமலே, என் மேசைக்கு ஒரு விளக்கைக் கொண்டுவந்து வைத்தார். வெள்ளைப் பலகை மாதிரி, முகத்துக்கு நேராகக் கண் கூசும்படி எரியும் விளக்கு. "காலையில் அரை மணி நேரம், தினமும்" என்றார். அவ்வளவுதான் சொன்னார். இங்கே ஆட்கள் அதிகம் பேசுவதில்லை, ஆனால் நவம்பரில் ஒருத்தரை ஒருத்தர் கவனித்துக்கொண்டே இருக்கிறார்கள். வைட்டமின் டி மாத்திரை சாப்பிடுகிறாயா என்பது இந்த மாதத்தில் நம் ஊர் "சாப்பிட்டாச்சா" மாதிரி. பாலிலேயே 2003 முதல் வைட்டமின் டி சேர்க்கிறார்கள்.

இன்னொரு கை எங்கள் கட்டடத்து மூன்றாம் மாடிப் பாட்டியுடையது. வந்த புதிதில் ஒருநாள் மாலை நான்கு மணிக்குக் கறுப்புக் கோட்டோடு கடைக்குக் கிளம்பினேன். வாசலில் எதிரே வந்தவர் என்னை நிறுத்தி, தன் பையிலிருந்து ஒரு சின்ன பிளாஸ்டிக் தகட்டை எடுத்து, நூலோடு ஊக்கால் என் கோட்டில் குத்திவிட்டார். முட்டி உயரத்துக்குத் தொங்கவேண்டுமாம், காரின் விளக்கு அங்கேதான் படும். ஹெயாஸ்தின் என்று பெயர், பிரதிபலிப்பான். இருட்டில் நடக்கிறவர்கள் அதை அணியவேண்டும் என்று சட்டமே இருக்கிறது. பூனை, ஆந்தை, இதயம், வங்கி விளம்பரம் என்று எல்லா வடிவத்திலும் கிடைக்கும். பாட்டி தந்தது ஒரு பனிச்சில்லு வடிவம். ஓரம் உடைந்துவிட்டது, இன்னும் அதே கோட்டில்தான் இருக்கிறது.

இருட்டை எதிர்கொள்ள ஊருக்கே ஒரு பழக்கம் இருக்கிறது. தம்பெரேயின் ஃபின்லேசன் பஞ்சாலையில் 1882 மார்ச்சில் மின்விளக்கு ஏற்றினார்கள். வடஐரோப்பிய நாடுகளிலேயே அதுதான் முதல் என்று ஊர்க்காரர்கள் பெருமையாகச் சொல்வார்கள். 1966 முதல் வருடாவருடம் இலையுதிர் காலத்தில் பெரிய கடைத்தெருவின் குறுக்கே விளக்குத் தோரணங்கள் கட்டுகிறார்கள். வலோவீக்கோத், வெளிச்ச வாரங்கள் என்று அதற்குப் பெயர். வீடுகளில் ஜன்னலுக்கு ஜன்னல் மெழுகுவர்த்தி. நவம்பர் தொடக்கத்தை ஒட்டி வரும் புனிதர் நாளன்று கலேவன்காங்காஸ் இடுகாட்டுக்குப் போனோம். ஆயிரக்கணக்கான அகல்கள், கண்ணாடிக் கூட்டுக்குள், கல்லறை கல்லறையாக. குடும்பம் குடும்பமாக வந்து, குனிந்து, கையுறையைக் கழற்றி, தீக்குச்சி கிழிக்கிறார்கள். யாரும் பேசவில்லை. ஈரக் கறுப்புத் தரை முழுக்க மஞ்சளாக மினுங்கியது. கார்த்திகைக்கு எங்கள் வீட்டுத் திண்ணையில் அம்மா விளக்கு வைத்துக்கொண்டே போவது ஞாபகம் வந்து தொண்டை அடைத்தது. அந்த வருடத்திலிருந்து கார்த்திகை தீபத்தை இங்கே பால்கனியில் வைக்கிறேன். நல்லெண்ணெய் குளிரில் கெட்டிப்பட்டுத் திரி சரியாக எரியாது. அதனால் எண்ணெயை லேசாகச் சூடாக்கி ஊற்றுவேன். டிசம்பர் 6 பின்லாந்தின் சுதந்திர நாள், 1917-இல் கிடைத்தது. அன்று மாலை ஒவ்வொரு வீட்டு ஜன்னலிலும் இரண்டு மெழுகுவர்த்தி எரியும். சில வருடங்களில் எங்கள் அகலும் எதிர்வீட்டு மெழுகுவர்த்திகளும் சில நாள் இடைவெளியில் வந்துபோகும்.

டிசம்பர் நடுவில் உச்சிப்பொழுதிலேயே சூரியன் அடிவானத்துக்கு மேல் ஐந்து பாகைதான் ஏறும். ஒரு தெளிவான நாளில் ஏரிக்கரையில் நின்று என் நிழலைக் காலடியால் அளந்தேன். என் உயரத்தைப்போல் பதினொரு மடங்கு. அதை அப்பாவிடம் சொன்னேன். "உச்சி வெயில்லயா?" என்று இரண்டு தடவை கேட்டுவிட்டு அதையும் எழுதிக்கொண்டார்.

அப்புறம் ஒருநாள் இரவு பனி விழும். காலையில் திரையை விலக்கினால் யாரோ கீழேயிருந்து விளக்குப் போட்டதுபோல அறைக்குள் வெளிச்சம் ஏறும். பனி என்றால் குளிர் என்று நினைத்துக்கொண்டு வந்த எனக்கு, பனி என்றால் வெளிச்சம் என்று புரிய ஒரு குளிர்காலம் பிடித்தது. தெருவிளக்கின் ஒளி தரையில் பட்டுத் திரும்புகிறது. நள்ளிரவில்கூட மரங்கள் தெரிகின்றன. பனி விழுந்த அன்று பேருந்தில் எல்லோர் முகத்திலும் ஒரு தெளிவு இருக்கும், மழை பெய்த மறுநாள் டெல்டாவில் டீக்கடையில் பார்க்கிற அதே தெளிவு.

அதனால்தான் 2020-இன் ஜனவரி, பிப்ரவரி மாதங்களை மறக்க முடியவில்லை. தெற்குப் பின்லாந்தில் அந்தக் குளிர்காலம் வழக்கத்துக்கு மாறாகச் சூடாக இருந்தது. பனி விழும், மறுநாளே கரையும். நவம்பர் நீண்டு பிப்ரவரி வரை வந்த மாதிரி. பாட்டி பனிச்சறுக்குக் கட்டைகளைக் கீழ்த்தளத்து அறையிலிருந்து எடுக்கவே இல்லை. "சின்ன வயதில் இந்த ஏரிமேல் நடந்து அக்கரைக்குப் போவோம்" என்று சொல்லிவிட்டு ஏரியைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஆற்றில் தண்ணீர் வராத ஆடிப்பெருக்கன்று என் அப்பா மணல்மேல் நின்றதை நான் பார்த்திருக்கிறேன். இரண்டு பேரும் நின்ற விதம் ஒன்றுதான்.

நல்ல குளிர்காலத்தில் ஜனவரியும் பிப்ரவரியும்தான் இங்கே அழகு. மைனஸ் 15, மைனஸ் 20. காற்று அசையாது, வானம் நீலம். பிப்ரவரிக்கு ஹெல்மிகூ என்று பெயர், முத்து மாதம். கிளைகளில் உருகி மறுபடி உறையும் துளிகளைப் பார்த்து வைத்த பெயர். தமிழில் நமக்குப் பனி என்று ஒரே சொல். மார்கழிப் புல்லில் இருப்பதும் பனி, இமயமலையில் இருப்பதும் பனி. இவர்களுக்கு விழுகிற பனிக்கு ஒரு சொல், தரையில் படிந்த பனிக்கு ஒரு சொல், உருண்டை பிடிக்க வரும் ஈரப் பனிக்கு ஒரு சொல், தெருவில் குழம்பாகக் கிடப்பதற்கு ஒரு சொல். தூறல், சாரல், அடைமழை, கோடைமழை என்று நாம் பிரித்து வைத்திருக்கிறோமே, அது மாதிரி.

மகள் 2016-இல் இங்கேதான் பிறந்தாள். பிறப்பதற்கு முன்பே அரசாங்கத்திடமிருந்து ஒரு பெட்டி வந்தது. 1938-இல் வசதியில்லாத தாய்மார்களுக்காகத் தொடங்கியது, 1949 முதல் எல்லோருக்கும். உள்ளே துணிகள், போர்வை, பஞ்சு வைத்த குளிர் உடுப்பு. காலிப் பெட்டியிலேயே குழந்தையைப் படுக்கவைக்கலாம். ஆறு மாதம் கழித்து, மைனஸ் 5 டிகிரியில் குழந்தை பால்கனியில் தள்ளுவண்டிக்குள் தூங்குவதை வீடியோவில் பார்த்த அம்மா, "ஏன்டி, உனக்குப் புத்தி கெட்டுப்போச்சா" என்று சத்தம் போட்டார். இந்த ஊரில் எல்லாக் குழந்தைகளும் அப்படித்தான் தூங்குகின்றன, நன்றாகவும் தூங்குகின்றன. கன்னத்தைத் தொட்டால் சில்லென்று இருக்கும், கழுத்துக்குக் கீழே கையை விட்டால் கதகதவென்று இருக்கும். அந்தக் கழுத்தைத் தொட்டுப் பார்க்கும் வழக்கத்தைக் குழந்தைகள் நல நிலையத்து நர்ஸ்தான் சொல்லிக்கொடுத்தார்.

பகல்நேரக் காப்பகத்துக்குப் போக ஆரம்பித்த பிறகு காலை நேரம் முழுக்க உடுப்புதான். முதலில் உடம்போடு ஒட்டிய கம்பளி, அதன்மேல் ஒரு அடுக்கு, கம்பளிக் காலுறை, அப்புறம் தலை முதல் கால் வரை ஒரே துண்டான பஞ்சு உடுப்பு, முகம் மட்டும் தெரியும் கம்பளித் தொப்பி, கடைசியில் கையுறை. கையுறையை முதலில் போட்டுவிட்டால் ஜிப் போட முடியாது என்று குழந்தை தானாகவே கற்றுக்கொள்ளும். எல்லாம் போட்டு முடித்ததும் சிறுநீர் வருகிறது என்பாள். காப்பகத்தின் வாசல் அறையில் சூடான காற்று வீசும் ஒரு அலமாரி இருக்கிறது, ஈரக் கையுறைகளை அதற்குள் மாட்டிவிட்டுப் போகலாம். கதவைத் திறந்தால் ஈரக் கம்பளி வாடை அடிக்கும். எனக்கு இந்த நாட்டின் வாசனை என்றால் அதுதான்.

ஒரு டிசம்பரில் வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டு உடைந்தது. பெய்த மழை தரையிலேயே உறைந்து கண்ணாடியாகிவிட்டது. அப்புறம் ஆணி பதித்த செருப்பு வாங்கினேன். ஆறு வாரம் இடது கையால் மாவு கரைத்தேன். மாவு என்றதும் சொல்ல வேண்டும்: இட்லி மாவு புளிக்க இந்த ஊரில் நல்ல இடம் குளியலறைத் தரை. தரைக்கடியில் சூடு ஓடுகிறது. பாத்திரத்தைத் துண்டால் மூடி ராத்திரி வைத்தால் காலையில் பொங்கி நிற்கும்.

வாரத்தில் ஒருநாள் ஒரு மணி நேரம் எங்கள் கட்டடத்துச் சௌனா, அதாவது நீராவிக் குளியல் அறை, எங்கள் முறை. சௌனாவைப் பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள், 2020-இல் யுனெஸ்கோ பட்டியலிலும் சேர்த்துவிட்டார்கள். ஒன்று மட்டும் சொல்கிறேன். பழைய வழக்கத்தில் சௌனா நாள் சனிக்கிழமை. அந்தக் கிழமைக்கு அவர்கள் சொல்லும் லௌவான்தாய் என்ற பெயரே குளியல் நாள் என்ற பழைய ஸ்கண்டிநேவியச் சொல்லிலிருந்து வந்தது. எங்கள் வீட்டிலும் ஆண்களுக்குச் சனிக்கிழமைதான் எண்ணெய்க் குளியல். பிஸ்பலா மேட்டில் 1906 முதல் இயங்கும் ராயாபோர்த்தி பொதுச் சௌனாவில் அப்பாவை ஒருமுறை உட்காரவைக்க வேண்டும் என்று எனக்கு ரொம்ப நாளாக ஆசை. வெந்து சிவந்து தெருவோரத்து முற்றத்தில் துண்டோடு உட்கார்ந்து ஆவி பறக்கப் பேசிக்கொண்டிருக்கும் கிழவர்களோடு, மொழி தெரியாமலேயே அவருக்குச் சரியாகப் போகும்.

மார்ச் வந்தால் பகல் ஒரு நாளைக்கு ஆறு நிமிடம் நீள்கிறது. ஒரு வாரத்தில் நாற்பது நிமிடம். கண்ணெதிரே அணை நிரம்புகிற மாதிரி. அலுவலகத்தில் பேசாதவர்கள்கூடப் பேசுவார்கள்: "நேற்று வேலை முடிந்து போகும்போது வெளிச்சம் இருந்தது." ஞாயிற்றுக்கிழமை உறைந்த ஏரிமேல் ஜனங்கள் நாற்காலி போட்டு உட்கார்ந்து, கண்ணை மூடி, முகத்தைச் சூரியனுக்குக் காட்டிக்கொண்டிருப்பார்கள். காலடியில் அரை மீட்டர் பனிக்கட்டி, கன்னத்தில் வெயில். நாங்களும் பிளாஸ்கில் காப்பி எடுத்துக்கொண்டு போவோம்.

ஏப்ரல் அழகில்லாத மாதம், எனக்குப் பிடித்த மாதம். குளிர்காலம் முழுக்க வழுக்காமல் இருக்கத் தூவிய சரளைக்கல் தெருவெங்கும் கிடக்கும். கூட்டும் வண்டிகள் வரும்வரை புழுதி பறக்கும், கண்ணெல்லாம் எரியும். உருகும் பனிக்குள்ளிருந்து நவம்பரில் தொலைத்த சாமானெல்லாம் வெளியே வரும். ஒற்றைக் கையுறைகள்தான் அதிகம். பார்க்கிறவர்கள் அதை எடுத்து, பக்கத்து வேலிக் கம்பியின் நுனியில் மாட்டிவிட்டுப் போவார்கள், உரியவர் கண்ணில் படட்டும் என்று. தெரு நீளத்துக்கு வேலிகளில் சின்னச் சின்னக் கைகள் விரிந்து நிற்கும். மகளுடைய சிவப்புக் கையுறை ஒன்று நாலு மாதம் கழித்து அப்படித்தான் திரும்பக் கிடைத்தது. அதற்குள் அவள் கை வளர்ந்துவிட்டது.

ஈஸ்டருக்கு முந்தின ஞாயிறன்று குழந்தைகள் சூனியக்காரி வேஷம் போட்டு, இறகும் வண்ணக் காகிதமும் கட்டிய வில்லோக் குச்சியோடு வீடு வீடாக வந்து வாழ்த்துப் பாட்டுச் சொல்வார்கள். குச்சியைக் கொடுத்துவிட்டுச் சாக்லெட் வாங்கிக்கொள்வார்கள். அந்தப் பண்டிகையில் மேம்மி என்று ஒன்று சாப்பிடுவார்கள், ரை என்ற, கோதுமைமாதிரி ஒரு தானியத்தின் மாவும் அதன் முளைமாவும் சேர்த்துக் கிண்டி அடுப்பில் வேகவைத்த கறுப்புக் களி. வெளிநாட்டுக்காரர்கள் பார்த்து முகம் சுளிக்கிறார்கள். கேழ்வரகுக் களி சாப்பிட்டு வளர்ந்த எனக்கு முதல் வாயிலேயே பிடித்துவிட்டது.

கோடை வர இன்னும் எத்தனை நாள் என்பதற்கு இங்கே ஒரு பழைய நாட்டுப்புறக் கணக்கு உண்டு. வானம்பாடி வந்தால் ஒரு மாதம், பெய்ப்போ குருவி வந்தால் அரை மாதம், வாலாட்டி வந்தால் கொஞ்சம்தான், தகைவிலான் வந்தால் ஒருநாள்கூட இல்லை. வாலாட்டியும் தகைவிலானும் நம் ஊருக்குக் குளிர்காலத்தில் வந்துபோகிற இனங்கள்தான். வாய்க்கால் கரையில் வாலை ஆட்டிக்கொண்டு நடப்பதைப் பார்த்தே வளர்ந்தவள் நான். இங்கே ஏப்ரல் கடைசியில் பேருந்து நிறுத்தத்தில் ஒன்று அதே நடை நடந்தபோது, அட, நீ இங்கேதான் பிறக்கிறாயா என்று கேட்கத் தோன்றியது.

மே மாதத்தில் ஒரே வாரத்தில் எல்லாம் பச்சையாகும். பிர்ச் மரத்தில் முதல் இலை விரியும் பருவத்துக்கு எலிக்காது என்று பெயர். நிஜமாகவே அந்த அளவுதான், அந்த வடிவம்தான். அப்போதுதான் காஞ்சொறிக் கீரை முளைக்கும். நம் ஊர் காஞ்சொறி வேறு செடி, ஆனால் பட்டால் அரிப்பது ஒன்றுதான். ரப்பர் கையுறை போட்டுக்கொண்டு கத்தரிக்கோலால் மேல் கொழுந்தை மட்டும் வெட்ட வேண்டும், பூக்கும் முன். கொதிநீரில் போட்டு எடுத்தால் அரிப்பெல்லாம் போய்விடும். பிழிந்து, நறுக்கி, பாசிப்பருப்போடு தேங்காய் சீரகம் அரைத்துவிட்டுக் கூட்டு வைப்பேன். ஆறு மாதம் கடைக் கீரையையே சாப்பிட்ட நாக்குக்கு அந்த மண்வாசனை பெரிய விஷயம். மூன்றாம் மாடிப் பாட்டிக்கு ஒரு கிண்ணம் கொடுத்தேன். போர்க்காலத்துக்குப் பிறகு அவர் அம்மா காஞ்சொறிச் சூப் வைப்பாராம். கிண்ணத்தைத் திருப்பிக் கொடுத்தபோது அதில் ருபார்ப் தண்டு இருந்தது. ருபார்ப்பில் மாங்காய்ப் பச்சடி மாதிரி வெல்லம் போட்டுச் செய்யலாம், வேப்பம்பூதான் கிடைக்காது.

கோடையைப் பற்றி எழுதுவது கஷ்டம், ஏனென்றால் அதில் சந்தோஷத்தோடு ஒரு பதற்றமும் கலந்திருக்கிறது. ஜூனில் சூரியன் நாலு மணிக்கு முன்பே வந்துவிடும், இரவு பதினொன்று தாண்டித்தான் போகும். போனாலும் வானம் இருட்டாது, நட்சத்திரமே தெரியாது. கறுப்புத் திரை போட்டுத்தான் மகளைத் தூங்கவைப்போம். திரையின் ஓரத்தை விரலால் விலக்கி, "சூரியன் இன்னும் விளையாடுதும்மா" என்பாள். ஜூன் கடைசியில் யுஹான்னுஸ் என்ற நடுக்கோடைப் பண்டிகைக்கு நகரமே காலியாகும், எல்லோரும் ஏரிக்கரைக் குடில்களுக்குப் போய்விடுவார்கள். நாட்டுக்கொடியைச் சூரியன் மறையும்போது, கோடையில் இரவு ஒன்பது மணிக்குள், இறக்குவதுதான் முறை, அந்த ஓர் இரவு மட்டும் விடியவிடியப் பறக்கும். ஒருமுறை சகாவின் குடிலுக்குப் போனோம். புதுப் பிர்ச் கிளைகளைக் கட்டி, சௌனாவில் முதுகில் அடித்துக்கொண்டு, ஏரியில் குதித்து, புது உருளைக்கிழங்கை வெந்தயக்கீரை மாதிரி மணக்கும் டில் இலையோடு சாப்பிட்டு, கொசுக்கடியோடு நள்ளிரவில் படகில் உட்கார்ந்திருந்தோம். தண்ணீர் வானத்தின் நிறத்தில் இருந்தது.

பதற்றம் என்று சொன்னேன். வெயில் அடிக்கிற நாளில் வீட்டுக்குள் இருந்தால் இங்கே யாருக்கும் மனசு ஒப்பாது. துணி மடிக்க வேண்டும், சமைக்க வேண்டும், ஆனாலும் வெளியே இப்படி ஒரு வெயில் கிடக்கிறதே என்று உள்ளே ஒன்று குடைந்துகொண்டே இருக்கும். எனக்கும் அது தொற்றிவிட்டது. கொள்ளிடத்தில் தண்ணீர் கரைபுரண்டு கடலுக்குப் போகும்போது அப்பா கரையில் நின்று, "எல்லாம் வீணாப் போவுதே" என்பார். ஜூலையில் மாலை எட்டு மணிக்கு, வெயில் ஏறிய பால்கனியைப் பார்த்து, பாத்திரம் தேய்த்துக்கொண்டே அதே வார்த்தையை நான் சொல்லியிருக்கிறேன்.

ஜூலையில் லௌகோன்தோரி படகுத்துறைச் சந்தையில் பட்டாணியும் ஸ்ட்ராபெர்ரியும் வந்துவிடும். தராசில் நிறுக்க மாட்டார்கள், லிட்டர் கணக்கு. தகரப் படியில் கூம்பாகக் குவித்து அளந்து காகிதப் பையில் கொட்டுவார்கள். ஜனங்கள் அங்கேயே நின்று தோலை உரித்துப் பச்சைப் பட்டாணியை மிட்டாய் மாதிரி தின்பார்கள். கூம்புக்குமேல் ஒரு கை கொசுறும் உண்டு. படியில் அளந்து கொசுறு போடும் கையைப் பார்த்து எத்தனை வருடம் ஆகியிருந்தது!

ஆகஸ்டில் பள்ளி திறந்துவிடும். ஒருநாள் இரவு வீடு திரும்பும்போது மகள் சட்டென்று நின்று மேலே கையைக் காட்டினாள். மூன்று மாதத்துக்குப் பிறகு முதல் நட்சத்திரம்.

இங்கே காடு யாருடையதாக இருந்தாலும் அதில் நடக்கலாம், பழமும் காளானும் பறிக்கலாம். எல்லோருக்கும் உள்ள உரிமை அது. வீட்டு முற்றத்துக்குள் போகக் கூடாது, மரத்தை ஒடிக்கக் கூடாது, அவ்வளவுதான். கேட்டுவிட்டு அப்பா, "சொந்தக்காரன் சண்டைக்கு வர மாட்டானா?" என்றார். ஆகஸ்டில் காட்டு புளூபெர்ரி, விரலும் நாக்கும் ஊதாவாகும். செப்டம்பரில் புவோலுக்கா, சிவப்பாக, சுண்டைக்காயை விடச் சிறிதாக, பாசிமேல் கொத்துக் கொத்தாக. புளிப்பும் லேசான கசப்புமாக இருக்கும். அதிலேயே பென்சோயிக் அமிலம் இருப்பதால் சர்க்கரை சேர்க்காமலேயே மாதக்கணக்கில் கெடாது. நல்லெண்ணெயில் கடுகு, பெருங்காயம் தாளித்து, மிளகாய்த்தூள், வெந்தயப்பொடி, உப்பு, ஒரு துண்டு வெல்லம் போட்டு, பழத்தைக் கொட்டினால் ஒவ்வொன்றாகப் பட்டென்று வெடிக்கும். போன முறை ஊருக்குப் போனபோது ஒரு பாட்டில் கொண்டுபோனேன். அப்பா தயிர்சாதத்தோடு தொட்டுப் பார்த்துவிட்டு, "நம்ம களாக்காதான், பேர மாத்தி வச்சிருக்கான்" என்றார்.

போன செப்டம்பர் கடைசி ஞாயிறு கௌப்பி காட்டில் பறித்துக்கொண்டிருந்தோம். ஏழு மணி வாக்கில் சூரியன் போய்விடும். ஆளுக்கு ஒரு வாளி. குனிந்து குனிந்து இடுப்பு விட்டுப்போயிருந்தது. அப்போது மேலே எங்கோ தூரத்தில் துருப்பிடித்த கிணற்று ராட்டினம் சுற்றுகிற மாதிரி சத்தம். பெருங்கொக்குகள், தெற்கே போகின்றன. மரங்களுக்கு மேலே கோடு கோடாக வந்துகொண்டே இருந்தன. எங்களுக்கு முன்னால் பறித்துக்கொண்டிருந்த ஒரு தம்பதியும் வாளியைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்து நின்றார்கள். மகள் எண்ண ஆரம்பித்து நூறைத் தாண்டியதும் விட்டுவிட்டாள். "தாத்தா ஊருக்கா போகுது?" என்றாள். அவ்வளவு தூரம் போகாது என்றேன். சத்தம் அடங்குகிறவரை யாரும் அசையவில்லை.

அப்புறம் மகள் தன் வாளிக்குள் எட்டிப் பார்த்தாள். ஊறுகாய்க்கு இன்னும் அரைப் படி வேண்டியிருந்தது. கோட்டில் பிரதிபலிப்பானைக் குத்திக்கொண்டு மறுபடி குனிந்தோம்.